கடிகாரத்தைத் தூக்கி எறிந்தவன்: ஃபாக்னரிடம் கனஃபானி வாங்கிய கடன்

1966இல் பெய்ரூட்டில் வெளிவந்த ஒரு சிறிய நாவல், கதைக்குள் போகும் முன்பே வாசகருக்கு ஒரு விளக்கக் குறிப்பைத் தருகிறது. இதில் ஐந்து பாத்திரங்கள் என்கிறார் ஆசிரியர்: ஹாமித், மர்யம், ஸக்கரிய்யா, கடிகாரம், பாலைவனம். இந்த ஐந்து பேரும் தனித்தனிக் கோடுகளில் போகிறவர்கள் கிடையாது. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு, சில இடங்களில் ஒரே கோடாக ஒட்டிக்கொண்டு போகிறார்கள். இடமும் காலமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன. ஆகவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கதை தாவும் இடங்களில் அச்செழுத்தின் அளவை மாற்ற வேண்டியிருந்தது என்று கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குகிறார்.

நாவலின் பெயர் 'மா தபக்கா லகும்'. தமிழில் 'உங்களுக்கு எஞ்சியது' எனலாம். எழுதியவர் பாலஸ்தீனர் கஸ்ஸான் கனஃபானி. 1936இல் பாலஸ்தீனத்தின் அக்கா என்ற நகரில் பிறந்தார். 1948இல், இஸ்ரேல் உருவான போரின்போது, குடும்பத்தோடு துரத்தப்பட்டு லெபனான் வழியாக டமாஸ்கஸுக்குப் போனார். குவைத்தில் சில ஆண்டுகள் ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு, 1960 முதல் பெய்ரூட்டில் பத்திரிகையாளராக வாழ்ந்தார். 1972 ஜூலை 8 அன்று அவருடைய காரில் வைத்த வெடிகுண்டு அவரையும் உடனிருந்த அக்கா மகளையும் கொன்றது. அப்போது அவருக்கு வயது 36.

அரபு நாவலில் மேற்கத்திய நவீனத்துவ உத்திகளின் தாக்கம் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்தான் கிடைக்கும். இவர் ஜாய்ஸைப் படித்தார், அவர் உல்ஃபைப் படித்தார், இவருக்கு ஃபாக்னர் பிடிக்கும் என்று போகும். எதை எடுத்தார், எடுத்ததை எங்கே கொண்டுபோய் வைத்தார், வைத்த இடத்தில் அது என்னவாக மாறியது என்று பார்க்க வேண்டுமானால் ஒரே ஒரு நூலோடு உட்கார வேண்டும். அதற்கு 'உங்களுக்கு எஞ்சியது' தோதானது. கடன் வாங்கியது யாரிடம் என்பதில் தகராறே இல்லை. அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரின் 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' நாவலின் எதிரொலி இது என்று விமர்சகர்கள் சொன்னபோது கனஃபானியே அதை ஒப்புக்கொண்டார். இயந்திரத்தனமாகப் பின்பற்றவில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது பாதி எவ்வளவு உண்மை என்பதைப் பார்ப்போம்.

பெய்ரூட்டுக்கு ஃபாக்னர் வந்த வழி

ஃபாக்னரை அரபு மொழிக்குக் கொண்டுவந்தவரும் பாலஸ்தீனர்தான். ஜப்ரா இப்ராஹிம் ஜப்ரா பெத்லகேமிலும் ஜெருசலேமிலும் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1948க்குப் பிறகு பாக்தாதில் குடியேறினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மொழிபெயர்த்த அதே கை ஃபாக்னரையும் மொழிபெயர்த்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் 'அஸ்ஸகப் வல் உன்ஃப்' என்ற பெயரில் அது வந்தது. ஸகப் என்றால் கூச்சல், உன்ஃப் என்றால் வன்முறை. ஃபாக்னரின் தலைப்புக்கு மூலமான 'மேக்பெத்' நாடகத்தில் முட்டாள் சொல்லும் கதையின் இரைச்சலும் சீற்றமும் அரபுக்கு வரும்போது கூச்சலும் வன்முறையும் ஆயின. அரபுலகில் அந்தத் தலைமுறைக்கு ஃபாக்னர் என்றால் பெரும்பாலும் ஜப்ராவின் ஃபாக்னர்தான்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெய்ரூட் அரபுலகத்தின் அச்சுக்கூடமாக இருந்தது. ஸுஹைல் இத்ரீஸ் 1953இல் தொடங்கிய 'அல் ஆதாப்' இதழ் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரையும் அவருடைய 'பொறுப்புள்ள இலக்கியம்' என்ற கருத்தையும் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. நவீனக் கவிதைக்கு 'ஷிஅர்', அப்புறம் 'ஹிவார்' என்று இதழ்கள் வரிசையாக வந்தன. சூடானிய எழுத்தாளர் தய்யிப் சாலிஹின் 'வடக்கு நோக்கிய இடப்பெயர்வின் பருவம்' 1966இல் முதலில் வந்தது 'ஹிவார்' இதழில்தான். அந்த இதழுக்குப் பணம் கொடுத்த அமைப்பின் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ இருந்தது அதே ஆண்டில் அம்பலமாகி, அடுத்த ஆண்டே இதழ் நின்றுபோனது. மேற்கத்திய உத்தி என்பது அந்த ஊரில் வெறும் உத்தியாக மட்டும் வந்து இறங்கவில்லை. அரசியலில் தீவிர இடதுசாரியான கனஃபானிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் அமெரிக்கத் தெற்கின் ஒரு நொடித்துப்போன வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதையில் காஸாவுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருப்பதாக அவருக்குப் பட்டது.

ஓர் இரவின் கதை

யாஃபாவிலிருந்து 1948இல் தப்பி ஓடிய குடும்பம் வழியில் சிதறுகிறது. தந்தை கொல்லப்பட்டுவிட்டார். தாய் ஜோர்டான் பக்கம் போய்ச் சேர, பிள்ளைகள் ஹாமிதும் மர்யமும் காஸாவில் சித்தியோடு தங்கிவிடுகிறார்கள். நடுவில் இஸ்ரேலின் கையிலிருக்கும் நெகேவ் பாலைவனம். ஆண்டுகள் ஓடுகின்றன. 'அம்மா இங்கே இருந்திருந்தால்' என்பது அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடுகிறது.

மர்யம் அக்கா. முப்பதைக் கடந்தும் திருமணம் ஆகாதவள். ஸக்கரிய்யா என்பவனால் கருவுறுகிறாள். அவனுக்கு ஏற்கெனவே மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உண்டு. அது மட்டும் இல்லை, ஒருமுறை காஸாவுக்குள் புகுந்த இஸ்ரேலிய ராணுவம் அங்கிருந்த ஆண்களை வரிசையில் நிறுத்தி ஸாலிம் என்ற போராளி யார் என்று கேட்டபோது காட்டிக்கொடுக்க முன்வந்தவனும் அவன்தான். ஹாமித் மனசுக்குள் அவனைப் பெயர் சொல்லி மட்டும் நினைப்பதில்லை; 'நாற்றம் பிடித்தவன்' என்ற அடைமொழியோடுதான் நினைக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு அக்காவை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதம் சொல்ல வேண்டியவனும் ஹாமித்தான். மஹர், அதாவது மணமகன் தர வேண்டிய மணக்கொடை, முழுவதும் பின்னால் தருவதாகப் பேச்சு, அதாவது கையில் எதுவும் வராது. சம்மதத்தைச் சொல்லிவிட்டு, தாயைத் தேடி நடந்தே பாலைவனத்தைக் கடக்கக் கிளம்பிவிடுகிறான்.

நாவலின் நிகழ்காலம் ஒரு சூரிய அஸ்தமனத்தில் தொடங்கி மறுநாள் காலையில் முடிந்துவிடுகிறது. பாலைவனத்தில் ஹாமித் நடக்கிறான். காஸாவில் கணவனுக்குப் பக்கத்தில் மர்யம் தூங்காமல் படுத்திருக்கிறாள். சுவரில் கடிகாரம் அடித்துக்கொண்டிருக்கிறது. வழியில் ஓர் இஸ்ரேலிய சிப்பாய் ஹாமிதிடம் அகப்படுகிறான். காலையில், கருவைக் கலைத்துவிடு என்று நெருக்கும் ஸக்கரிய்யாவை மர்யம் சமையலறைக் கத்தியால் குத்துகிறாள். கதை இவ்வளவுதான். எண்பது தொண்ணூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும் என்று நினைத்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பவர்கள் பத்தாவது பக்கத்திலேயே முதல் பக்கத்துக்குத் திரும்புவார்கள். நான் திரும்பினேன்.

காரணம் அதன் நடை. ஹாமித் நடக்கும் காலடி ஓசை ஒரு வாக்கியத்தில் கேட்கிறது. அடுத்த வாக்கியத்தில் அதே ஓசை கடிகாரத்தின் துடிப்பாக மர்யமின் காதில் விழுகிறது. அதற்கடுத்த வாக்கியத்தில் அது அவள் வயிற்றில் அசையும் கரு. ஒரு பத்தி முடிவதற்குள் மூன்று பேர் பேசி முடித்துவிடுகிறார்கள். எழுத்தின் அளவு மாறுவது ஒன்றுதான் வாசகருக்குக் கிடைக்கும் கைகாட்டி.

இந்தக் கைகாட்டியும் ஃபாக்னரிடமிருந்து வந்ததுதான். 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' குடும்பத்தின் மனவளர்ச்சி குன்றிய மகன் பென்ஜியின் பகுதியில் காலம் தாவும் இடங்களை அவர் சாய்வெழுத்தால் குறித்தார். உண்மையில் அவர் ஆசைப்பட்டது வண்ண மை. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம். 1929இல் எந்தப் பதிப்பகமும் அந்தச் செலவுக்குத் தயாராக இல்லை. 2012இல்தான் லண்டனில் ஒரு பதிப்பகம் பதினான்கு நிறங்களில் அச்சிட்டது. அரபு எழுத்துக்கு லத்தீன் எழுத்தைப் போலச் சாய்வெழுத்து மரபு கிடையாது. ஆகவே கனஃபானி எழுத்தின் அளவைக் கையில் எடுத்தார். ஒரு நாட்டு உத்தி இன்னொரு நாட்டு அச்சுக்கூடத்துக்குள் நுழையும்போது முதலில் முட்டிக்கொள்வது இதுபோன்ற சில்லறை விஷயத்தில்தான்.

இரண்டு கடிகாரங்கள்

ஃபாக்னரின் நாவலில் பென்ஜியின் அண்ணன் குவென்டின் பகுதி 1910 ஜூன் 2 அன்று காலை, ஹார்வர்டு விடுதி அறையில், சட்டைப்பைக் கடிகாரத்தின் ஓசையோடு விடிகிறது. தாத்தாவுடைய கடிகாரம் அது. கையில் கொடுத்தபோது தந்தை சொன்னது: இது எல்லா நம்பிக்கைக்கும் ஆசைக்கும் கட்டிய சமாதி. குவென்டின் அதன் கண்ணாடியை உடைக்கிறான், முட்களைப் பிய்த்துப் போடுகிறான். கடிகாரம் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அன்று முழுக்க மணிக்கூண்டுகள் விடாமல் துரத்துகின்றன. அன்றிரவு அவன் ஆற்றில் மூழ்கிச் சாகிறான். அவனை அரித்த விஷயம் தங்கை கேடி. அவள் யாரோ ஒருவனால் கருவுற்று, அவசரமாக வேறொருவனுக்கு மணமுடிக்கப்பட்டது.

இப்போது காஸாவுக்கு வாருங்கள். ஹாமித் கடைத்தெருவிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வருகிறான். அது ஒரு சின்ன சவப்பெட்டி மாதிரி இருக்கிறது. அந்தச் சவப்பெட்டி மர்யமின் அறைச் சுவரில் தொங்குகிறது. சமாதி என்று ஃபாக்னர், சவப்பெட்டி என்று கனஃபானி. கருவுற்ற சகோதரி, மானம் போனதாக வேகும் சகோதரன், விடாமல் துடிக்கும் கடிகாரம் என்று மூன்றும் அப்படியே இருக்கின்றன. இதுவரைக்கும் பார்த்தால் எதிரொலி என்பது சரியான சொல்தான்.

விலகல் ஹாமிதின் கைக்கடிகாரத்தில் தொடங்குகிறது. பாலைவனத்தின் நடுவில் அவனுக்கு உறைக்கிறது, இந்தக் குட்டி முட்கள் இங்கே எதையும் அளக்கவில்லை. இங்கே இருப்பது இருட்டும் வெளிச்சமும்தான். கழற்றி எறிகிறான், மேலே நடக்கிறான். குவென்டின் கடிகாரத்தை உடைத்தது காலத்திலிருந்து வெளியேற. அதற்குக் கடைசியில் மரணம் ஒன்றே வழியாக இருந்தது. ஹாமித் எறிந்தபிறகுதான் அவனுக்கு ஒரு நிகழ்காலம் கிடைக்கிறது. அதுவரை அவன் வாழ்ந்தது முழுக்க 1948இல்.

சார்த்தர் 1939இல் ஃபாக்னரின் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் தரும் உவமை பிரபலமானது. ஃபாக்னரின் மனிதர்கள் கூரையில்லாத காரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து போகிறவர்கள். கடந்துபோனது மட்டும்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். எதிர்காலம் கிடையாது. சார்த்தருக்கு ஃபாக்னரின் கலை பிடித்திருந்தது, இந்தத் தத்துவம் பிடிக்கவில்லை. கனஃபானி அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு எழுதினார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆட்சேபத்துக்கு ஒரு நாவலாசிரியர் எழுதிக்கொடுத்த பதில் மாதிரிதான் 'உங்களுக்கு எஞ்சியது' இருக்கிறது. அகதிக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கை ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. அதைப் பழகிக்கொள்ள ஃபாக்னர் தேவையில்லை. எழுந்து நடக்க வைக்கத்தான் உத்தி தேவைப்பட்டது.

மொழியே இந்த இடத்தில் கனஃபானிக்கு ஒரு சீட்டைக் கூடுதலாகக் கொடுத்தது. அரபியில் 'ஸாஅ' என்றால் கடிகாரம். மணி நேரத்துக்கும் அதே சொல். குர்ஆன் கியாமத் நாளை, அதாவது உலகம் முடியும் நாளை, சொல்வதும் அதே 'அஸ்ஸாஅ' என்ற சொல்லால்தான். தமிழில் 'மணி' என்ற சொல் நேரத்தையும் ஓசை எழுப்பும் பொருளையும் ஒன்றாகச் சுமப்பதைப் போல, ஆனால் அதைவிடக் கனமாக. பாத்திரப் பட்டியலில் 'அஸ்ஸாஅ' என்று படிக்கும் அரபு வாசகருக்குச் சுவர்க் கடிகாரத்தோடு அந்தக் கடைசி நேரமும் சேர்ந்தே காதில் விழும். ஆங்கில மொழிபெயர்ப்பில் கடிகாரம் வெறும் கடிகாரமாகிவிடுகிறது.

ஃபாக்னரிடம் இல்லாத ஒரு பாத்திரம் பாலைவனம். கதையின் தொடக்கத்திலேயே ஹாமித் தரையோடு தரையாக ஒட்டிப் படுக்கிறான். தனக்குக் கீழே அவள் ஒரு கன்னிப் பெண்ணைப் போல நடுங்குவதை உணர்கிறான். அவள் என்பது பாலைவனம். அரபியில் 'ஸஹ்ரா' பெண்பால் சொல், 'ஸாஅ'வும் அப்படியே. அப்படியானால் ஐந்து பாத்திரங்களில் மூன்று, இலக்கணப்படி, 'அவள்'. தமிழில் பாலைவனத்தையும் கடிகாரத்தையும் 'அது' என்று அஃறிணையில் தள்ளிவிடுவோம். இந்த நாவலை மொழிபெயர்க்க உட்காருகிறவருக்கு முதல் தலைவலி அங்கேதான்.

இந்தப் பேசும் நிலம் கனஃபானிக்குத் திடீரென்று வந்ததில்லை. 1963இல் வந்த 'ரிஜால் ஃபிஷ்ஷம்ஸ்' (வெயிலில் மனிதர்கள்) நாவலின் முதல் வரிகளில் அபூ கைஸ் ஈரத் தரையில் நெஞ்சை அழுத்திப் படுக்கிறார். அடியில் பூமியின் இதயம் துடிப்பது அவருக்குக் கேட்கிறது. அங்கே துடித்ததெல்லாம் துடிப்பு மட்டும். மூன்று ஆண்டு கழித்து அதே பூமி வாய் திறந்து தன்னிலையில் பேசுகிறது. ஃபாக்னர் கற்றுக்கொடுத்த பல குரல் முறை கையில் இருந்ததால்தான் நிலத்துக்கும் ஒரு குரலை ஒதுக்க முடிந்தது. ஆனால் நிலத்துக்குத் துடிப்பு இருக்கிறது என்பது கனஃபானியின் சொந்தச் சொத்து.

அந்த முதல் நாவலோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 'ரிஜால் ஃபிஷ்ஷம்ஸ்' நாவலில் குவைத்துக்குக் கள்ளத்தனமாகப் போகும் மூன்று பாலஸ்தீனர்களைத் தண்ணீர் லாரியின் காலித் தொட்டிக்குள் வைத்து வெயில் கொன்றுவிடுகிறது. 'உங்களுக்கு எஞ்சியது' தொடங்குவது, இப்போது அவனால் சூரியனை நேராகப் பார்க்க முடிந்தது என்ற வாக்கியத்தோடு. அடிவானத்தில் அது உருகித் தண்ணீரில் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. கொன்ற சூரியனையே கண்ணெடுத்துப் பார்க்கும் இந்த முதல் வாக்கியத்தில் 'இப்போது' என்ற சொல் தற்செயலாக வந்து உட்கார்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்காவின் குரல்

விமர்சகர்கள் கடிகாரத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த நாவல் ஃபாக்னரை விட்டு மிகத் தூரம் போகும் இடம் வேறு.

'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' முழுக்கக் கேடியைப் பற்றிய நாவல். ஆனால் கேடிக்கு ஒரு பகுதி கிடையாது. பென்ஜி பேசுகிறான், குவென்டின் பேசுகிறான், ஜேசன் பேசுகிறான். நான்காவது பகுதியை ஆசிரியரே சொல்கிறார். மூன்று சகோதரர்களின் ஏக்கம், வெறி, எரிச்சல் இவற்றின் வழியாகத்தான் அவளைப் பார்க்கிறோம். அது ஃபாக்னர் தெரிந்தே செய்த தேர்வு, அந்த நாவலின் பலமும் அதுதான்.

கனஃபானி அந்த இடத்தில் மர்யமைப் பேச வைக்கிறார். கடனில் பெரிய திருத்தம் இது. மர்யம் தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறாள், வயது ஏறிக்கொண்டே போன பயத்தைப் பற்றிப் பேசுகிறாள், நாற்றம் பிடித்தவன் என்று தம்பி ஒதுக்கிய ஆளிடம் தான் ஏன் போனாள் என்று பேசுகிறாள். ஹாமித் மட்டும் பேசியிருந்தால் இது தம்பியின் மானம் பற்றிய கதையாக நின்றிருக்கும். மர்யம் பேசும்போது ஹாமிதின் கோபத்துக்குள் இருக்கும் சின்னத்தனமும் தெரிந்துவிடுகிறது. அவன் தாயைத் தேடிப் போகிறானா, அக்காவைப் பார்க்கச் சகிக்காமல் ஓடுகிறானா என்ற கேள்வியை அவளுடைய குரல்தான் எழுப்புகிறது.

மர்யமைப் 'பறிகொடுத்த பாலஸ்தீன மண்' என்று உருவகமாகப் படிப்பவர்கள் உண்டு. ஸக்கரிய்யா காட்டிக்கொடுத்தவன், ஹாமித் போராளியாகப் போகிறவன், கரு வரப்போகும் தலைமுறை என்று கணக்கு நேராக வந்துவிடும். நாவல் அதற்கு இடம் கொடுக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தூக்கம் வராமல் கணவனின் குறட்டைக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் படுத்திருக்கும் ஒரு பெண்ணை இவ்வளவு கிட்டத்தில் காட்டிவிட்டு, அவளை வரைபடமாக மடித்து வைக்கச் சொல்வது வாசகனுக்கு நட்டம்.

எல்லாருக்கும் ஒரே ஃபுஸ்ஹா

உத்தி சறுக்கிய இடமும் உண்டு. சறுக்கலுக்குக் காரணம் அரபு மொழியின் இரட்டை வழக்கு. தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். எழுதுவது ஃபுஸ்ஹா என்ற செவ்வழக்கில். வீட்டில், கடையில், சண்டையில் பேசுவது ஆம்மிய்யா என்ற பேச்சு வழக்கில். நம்முடைய இடைவெளியைப் போலவே, சில விதங்களில் அதைவிட அகலமானது. எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸ் கடைசிவரை உரையாடலைக்கூட ஃபுஸ்ஹாவில்தான் எழுதினார்.

வெளியிலிருந்து கதை சொல்லும் வரை இதில் பெரிய இடைஞ்சல் இல்லை. நனவோடைக்கு வந்ததும் சிக்கல் தலைகாட்டுகிறது. நனவோடை என்பது மனசுக்குள் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதுவது. யார் மனசும் ஃபுஸ்ஹாவில் ஓடுவதில்லை. காஸாவில் பாதி ராத்திரியில் விழித்துக் கிடக்கும் பெண் நிச்சயமாக வேற்றுமை உருபு பிசகாத செவ்வரபியில் தன்னோடு பேசிக்கொள்ள மாட்டாள்.

ஃபாக்னரின் வாசகர் எழுத்து வடிவத்தைப் பார்க்காமலேயே யார் பேசுகிறார் என்று சொல்லிவிடுவார். பென்ஜியின் வாக்கியங்கள் குட்டைக் குட்டையாக வரும். குவென்டின் வாக்கியம் பாதியில் நிறுத்தற்குறியைத் தொலைத்துவிட்டு ஓடும். ஜேசன் முதல் வரியிலேயே வசை பாடத் தொடங்கிவிடுவான். கறுப்பின வேலைக்காரர்களின் பேச்சுக்குத் தனி ஓசை உண்டு. ஜப்ராவின் மொழிபெயர்ப்பு ஃபுஸ்ஹாவில் அமைந்ததால் கால அடுக்கு சேதமில்லாமல் அரபுக்கு வந்து சேர்ந்தது. குரல் வேறுபாடுகளில் பாதி வழியிலேயே தங்கிவிட்டது. கனஃபானியின் தலைமுறைக்குக் கிடைத்த ஃபாக்னர், கட்டமைப்பு முழுசாக இருந்து பேச்சு மட்டும் சமதளமாக்கப்பட்ட ஃபாக்னர்.

அதன் விளைவு நாவலில் தெரிகிறது. ஹாமித், மர்யம், பாலைவனம் மூன்று பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலப் பேசுகிறார்கள். அதே உவமைச் செறிவு, அதே வாக்கிய நீளம். இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அரபு வினைச்சொல் முன்னிலையிலும் படர்க்கையிலும் ஆண்பால் பெண்பால் காட்டும், தன்மையில் காட்டாது. நம்முடைய 'வந்தேன்' போலத்தான். ஆகவே ஒரு புதிய வாக்கியம் 'நான்' என்று தொடங்கினால் அந்த நான் தம்பியா, அக்காவா, மணலா என்று வினையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. எழுத்தின் அளவை மாற்றும் யோசனை இவ்வளவு அவசியமாகிப்போனதற்கு இதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன். குரல் செய்ய வேண்டிய வேலையை அச்சுக்கூடம் செய்தது.

ஆனால் இதே குறை கடைசிப் பக்கங்களில் தலைகீழாகிவிடுகிறது. ஹாமித் சிப்பாயின் ஆயுதத்தைப் பறித்துவிட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறான். இவன் பேசுவது அவனுக்குப் புரியாது. புரியாத ஆளிடம் ஹாமித் பேசிக்கொண்டே இருக்கிறான், விடிந்துகொண்டே வருகிறது. காஸாவில் மர்யமின் முதுகு சமையலறை மேசையில் இடிக்கிறது, எதிரில் ஸக்கரிய்யா. அங்கே ஒரு கத்தி, இங்கே ஒரு கத்தி. வாக்கியத்துக்கு வாக்கியம் இடம் மாறுகிறது. குத்தும் கை மர்யமுடையதுதான். ஆனால் அந்தக் கைக்குள் பல மைல் தொலைவில் இருக்கும் தம்பியின் வேகமும் இருக்கிறது. இரண்டு குரலும் ஆளுக்கொரு வட்டார வழக்கில் இருந்திருந்தால் இந்தக் கலப்பு நடந்திருக்காது. ஃபாக்னர் நான்கு குரல்களையும் தேதி போட்டு நான்கு தனி அறைகளில் வைத்தார். கனஃபானி சுவர்களை எடுத்துவிட்டார். எடுக்க முடிந்ததற்குக் காரணம், எல்லாருக்கும் ஒரே ஃபுஸ்ஹாவாக இருந்தது.

ஹாமித் சிப்பாயைக் கொன்றானா, தாயிடம் போய்ச் சேர்ந்தானா என்பதை நாவல் சொல்லவில்லை.

அக்கம்பக்கம்

இதே ஆண்டுகளில் மற்றவர்களும் இந்தப் பாதையில் இருந்தார்கள். மஹ்ஃபூஸின் 'மீராமார்' 1967இல் வந்தது. அலெக்சாண்டிரியாவில் ஒரு தங்கும் விடுதி, ஒரு மரணம், அதை நான்கு ஆண்கள் தனித்தனியாகச் சொல்கிறார்கள். விடுதியில் வேலை பார்க்கும் ஸுஹ்ரா என்ற கிராமத்துப் பெண்ணைச் சுற்றித்தான் எல்லாக் கதையும். அவளுக்குப் பகுதி கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மஹ்ஃபூஸ் கனஃபானியை விட ஃபாக்னருக்குப் பக்கத்தில் நிற்கிறார். அதே ஆண்டு இராக்கியர் காயிப் துஃமா ஃபர்மானின் நாவல் வந்தது. பெயரே 'ஐந்து குரல்கள்'. மொழிபெயர்ப்பாளர் ஜப்ராவும் சும்மா இருக்கவில்லை. 1970இல் 'அஸ்ஸஃபீனா', 1978இல் 'வலீத் மஸ்ஊதைத் தேடி' என்று பல குரல் நாவல்களை எழுதினார். பின்னதில் காணாமல்போன ஒருவன் தன் காரில் விட்டுச்சென்ற ஒலிநாடாவைக் கேட்டுவிட்டு நண்பர்கள் ஆளுக்கொரு வலீதைக் கட்டி எழுப்புகிறார்கள்.

எழுபதுகளில் காற்று திசை மாறியது. 1974இல் பாலஸ்தீனர் எமீல் ஹபீபியின் நாவல், எதுகை உரைநடையில் தந்திரக்காரர்களின் கதை சொல்லும் பழைய அரபு மகாமா வடிவத்தின் குறும்பைத் திரும்பக் கொண்டுவந்தது. எகிப்தில் ஜமால் அல் கீதானி மம்லூக் காலத்து வரலாற்றாசிரியர் இப்னு இயாஸின் நடையைக் கடன் வாங்கி 'ஸைனி பரகாத்' எழுதினார். கடன் வாங்குவது நிற்கவில்லை, கடன் கொடுத்தவர் மாறினார்.

கனஃபானி அதற்கு முன்பே ஃபாக்னர் பாதையிலிருந்து இறங்கிவிட்டார். 'உங்களுக்கு எஞ்சியது' லெபனானில் பரிசு பெற்ற நாவல். அந்த வழியிலேயே இன்னும் இரண்டு மூன்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நடுவில் 1967 ஜூன் போர் வந்தது. காஸாவும், ஜோர்டான் வசமிருந்த மேற்குக் கரையும் இஸ்ரேலிடம் போயின. ஹாமித் கடக்கப் பார்த்த பாலைவனத்தின் இரு கரைகளும் ஒரே ராணுவத்தின் கைக்குள் வந்துவிட்டன. 1969இல் அவர் வெளியிட்ட இரண்டு நாவல்களும் சிக்கலில்லாமல் நேராகச் சொல்லப்பட்டவை. அதில் ஒன்றான 'உம்மு ஸஅத்' நாவலில் அகதி முகாமிலிருந்து ஒரு பெண் கதைசொல்லியின் வீட்டுக்கு வருகிறாள். பேசுகிறாள், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுத்தின் அளவு எங்கும் மாறுவதில்லை. முதல் நாள் வரும்போது காய்ந்த குச்சி மாதிரி ஒரு திராட்சைக் கொடித் தண்டைக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போகிறாள். கடைசிப் பக்கத்தில் அது துளிர்த்துவிட்டதாக வந்து சொல்கிறாள்.